பிளாக்கை மாற்றுவதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள்
இருசக்கர வாகனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மற்ற மாதங்களில் மைலேஜைப் பற்றிக் கேட்கிற வாசகர்கள், ஆடிக் காற்று தொடங்கியதும் பிக்கப்பைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இன்ஜின் சக்தியைக் கூட்டுவது பற்றியவை. ஆகவே அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

“அண்ணாச்சி, நான் வள்ளியூரிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். என்னிடம் இருப்பது 2012-ஆம் ஆண்டு பல்சர் 150. பணகுடியைத் தாண்டியதும் ஐந்தாவது கியரில் 70-ஐத் தொட மறுக்கிறது. பல்சர் 180-இன் பிளாக்கும் பிஸ்டனும் போட்டுவிட்டால் போதும், பிய்த்துக்கொண்டு போகும் என்று இங்குள்ள மெக்கானிக் சொல்கிறார். போடலாமா? இன்ஜின் தாங்குமா?”
— வள்ளியூர் வாசகர்

இன்ஜின் தாங்குமா என்பதற்கு முன்னால், அந்த பிளாக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டர், உங்கள் குறையைத் தீர்க்குமா என்று பார்த்துவிடுவோம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் பாய்ந்து வருகிற மேல்காற்று, பணகுடியிலிருந்து காவல்கிணறு வரை நீங்கள் போகிற திசைக்குக் கிட்டத்தட்ட எதிராகவே வீசுகிறது. அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பதும் அந்தக் காற்றுக்காகத்தான். 70 கி.மீ. வேகத்தில் போகிற வண்டிக்கு எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால், காற்றைப் பொறுத்தவரை உங்கள் வண்டி 100 கி.மீ. வேகத்தில் போகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், காற்றில்லாத நாளில் இருக்கிற தடையைப்போல இரண்டு மடங்கு தடையை அன்றைக்கு உங்கள் இன்ஜின் தள்ளியாக வேண்டும்.

இனி அந்த பிளாக் என்ன தரும் என்று பார்ப்போம். உங்கள் வண்டியின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 58 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், 56.4 மி.மீ.; ஆகவே 149 சி.சி. 180-க்கு போர் 63.5 மி.மீ., ஸ்ட்ரோக் அதே 56.4 மி.மீ.; ஆகவே 178.6 சி.சி. ஸ்ட்ரோக் ஒன்றாக இருப்பதால்தான், பிஸ்டனை ஏற்றி இறக்குகிற கிராங்கைத் தொடாமல் மேலே உள்ளதை மட்டும் மாற்றினால் போதும் என்ற யோசனை பட்டறைகளில் இத்தனை காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கொள்ளளவு 20 சதவீதம் கூடுகிறது. ஆனால் மூச்சு விடுகிற கார்புரேட்டரும், வால்வுகளும், அவற்றைத் திறந்து மூடுகிற கேமும் பழையவையாகவே இருப்பதால் சக்தி அந்த அளவுக்குக் கூடாது. முழுதாக 20 சதவீதமும் கூடிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், காற்றை எதிர்த்து ஓடத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், சமதளத்தில் 100 கி.மீ. போகிற வண்டி 106 கி.மீ. போகும். அவ்வளவுதான். இந்த ஆறு கிலோமீட்டருக்கு நீங்கள் கொடுக்கப்போகிற விலையையும் கேளுங்கள்.

சிலிண்டரின் உட்குழாயான பெரிய லைனர் உள்ளே இறங்குவதற்கு கிராங்க் கேஸின் வாயை லேத்தில் கடைந்து அகலப்படுத்த வேண்டியிருக்கும். ஒருமுறை கடைந்த உலோகம் திரும்பி வராது. பிஸ்டன் கனம் கூடுவதால், பழைய பிஸ்டனுக்குக் கணக்குப் பார்த்துச் சமன் செய்த கிராங்கின் சமநிலை கெட்டு, கைப்பிடியிலும் கால்மிதியிலும் அதிர்வு ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, கம்ப்ரஷன் விகிதம், அதாவது கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு, சொல்லாமல் கொள்ளாமல் உயர்ந்துவிடுகிறது. ஒரு கணக்குக்காக, 149 சி.சி. இன்ஜினின் விகிதம் 9.5 என்று எடுத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சுகிற இடம் பதினேழரை சி.சி.தான். சிலிண்டரின் மூடியான ஹெட்டை மாற்றாமல், அதே பதினேழரை சி.சி. இடத்துக்குள் 178.6 சி.சி. கலவையை அமுக்கினால் விகிதம் 11.2 ஆகிறது. காற்று மட்டுமே குளிர்விக்கிற ஓர் இன்ஜினில், சாதாரண பெட்ரோலை ஊற்றி, சித்திரை வெயிலில் நாங்குநேரிச் சாலையில் முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டினால், டிக் டிக்கென்று உலோகத்தைத் தட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கும். பட்டறையில் இதை நாக்கிங் என்போம். பிளக்கின் பொறி மூட்டிய தீ பரவிச் சேர்வதற்குள், ஓரத்தில் இருக்கிற கலவை வெப்பமும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடிப்பதுதான் அந்தச் சத்தம். பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுவதும், ரிங் பள்ளம் உடைவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். பிஸ்டனின் வடிவம், கேஸ்கெட்டின் தடிமன், ஹெட்டின் குழி ஆகிய மூன்றையும் அளந்து விகிதத்தைத் திரும்பக் குறைத்துப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மெக்கானிக் அளப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் ஒன்றும் ஆகாது” என்பது பதிலானால், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

நான் சொல்லுவது வேறு. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய இன்ஜின், பிறந்தபோது இருந்த ஏறக்குறைய 15 குதிரைத்திறனை இன்றைக்கும் தருகிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சென்ற ஆண்டு இதே குறையோடு ஒருவர் பாளையங்கோட்டையில் என் பட்டறைக்கு வந்தார். பெரிய பிஸ்டன் போட வேண்டும் என்ற முடிவோடு, அதற்கான பணத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன்; அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பின் டிரம்முக்குள் பிரேக்கை விரிக்கிற கேம் துருவேறி, பிரேக் லைனிங் முழுதாகத் திரும்பாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. டிரம்மில் கை வைக்க முடியவில்லை. செயினும் உப்புத்தாள்போல் வறண்டு கிடந்தது. இரண்டையும் கழற்றித் துடைத்து, கேமுக்கு கிரீஸும் செயினுக்கு எண்ணெயும் வைத்து மாட்டியபோது அதே சக்கரம் ஆறேழு சுற்று சுற்றி நின்றது. அவர் வண்ணார்பேட்டை வரை ஓட்டிவிட்டு வந்து, நான் இன்ஜினில் என்ன செய்தேன் என்று கேட்டார்.

அதற்கு அடுத்தபடியாக கம்ப்ரஷனைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தம் காட்டுகிற கேஜை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்தபடி கிக்கரை உதைக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மூடி வைத்துக்கொண்டு பார்த்தால் நல்ல இன்ஜினும் கெட்டதாகத் தெரியும். அழுத்தம் குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாக ஒரு கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடியும் பாருங்கள். இப்போது அழுத்தம் ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறவில்லையென்றால் கசிவு வால்வில் இருக்கிறது. வால்வு கிரைண்டிங்கும், டேப்பட்டைச் சரியான இடைவெளியில் வைப்பதும், கார்புரேட்டரில் கிழிந்த டயஃப்ரமை மாற்றுவதும், வழுக்குகிற கிளட்ச் பிளேட்டுகளை மாற்றுவதும் உங்கள் வண்டிக்குத் திருப்பித் தரக்கூடிய சக்தி, அந்த பிளாக் கூட்டப்போவதைவிடக் குறைவாக இருக்காது. ரிங் தேய்ந்திருந்தால் கம்பெனியின் ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு, அதாவது சற்றே பெரிய பிஸ்டனுக்கு, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டுக்கொள்ளலாம். அது இன்ஜினுக்குப் புது உயிர், அதன் வடிவத்துக்கு மீறியதும் அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் இன்ஜின் தன் முழுச் சக்தியைத் தருவது நிமிடத்துக்கு 9,000 சுற்றை நெருங்கும்போது. ஐந்தாவது கியரில் 70-இல் போகும்போது அது அந்த இடத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறது. காவல்கிணறு நெருங்கும்போது நான்காவதுக்கு இறங்குங்கள். சத்தம் கூடும், வண்டி போகும். இறங்கி ஏறிச் சலித்துவிட்டால், முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள். 15 பல் இருக்கிற இடத்தில் 14 போட்டால் ஒவ்வொரு கியரிலும் இழுவை 7 சதவீதம் கூடும். அதே வேகத்துக்கு இன்ஜினும் 7 சதவீதம் வேகமாகச் சுற்றும். மைலேஜ் சற்று அடிபடும். ஆடி முடிந்ததும் பழைய ஸ்பிராக்கெட்டைத் திரும்ப மாட்டிவிடலாம். திரும்ப மாட்ட முடிகிற மாற்றங்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால், உங்களுக்குத் தேவை வேறொரு வண்டி. பல்சர் 220 போன்ற ஒன்றை நல்ல நிலையில் பழையதாக வாங்கினால் 67 மி.மீ. போரும் ஏறக்குறைய 21 குதிரைத்திறனும் கிடைக்கும். அந்தச் சக்திக்கு ஏற்ற பிரேக்கும், சட்டமும், டயரும், ஆயில் கூலரும் கூடவே வரும். எனக்குத் தெரிந்தவரை நம்பகமான பவர் அப்கிரேடு அதுதான்.

“கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், அண்ணாச்சி. என் 160 சி.சி. வண்டிக்கு, புகையைத் தடையில்லாமல் விடுகிற ப்ரீ ஃப்ளோ சைலென்சர் மாட்டினால் இரண்டு, மூன்று குதிரைத்திறன் கூடும் என்கிறார்கள். எது நல்லது?”
— பாளையங்கோட்டை வாசகர்

தம்பி, கூடுவது சத்தம். சத்தம் கூடும்போது வண்டி வேகமாகப் போவதுபோல் காதுக்குத் தோன்றும். ஒரே சாலையில், ஒரே இடத்திலிருந்து, நண்பர் ஒருவரைக் கடிகாரத்தோடு நிறுத்தி, 40-இலிருந்து 80 வரை எத்தனை வினாடி என்று இரண்டு சைலென்சரிலும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

சைலென்சர் வெறும் புகைக்குழாய் அல்ல. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் குழாயில் ஓர் அழுத்த அலை பாய்கிறது. குழாய் அகலமாகிற இடத்தை அது தொட்டதும் உறிஞ்சுகிற அலையாக மாறித் திரும்பி வருகிறது. இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கிற அந்தக் கண நேரத்தில் அது வந்து சேர்ந்தால், எரிந்த வாயுவை இழுத்து வெளியேற்றி, புதிய கலவை உள்ளே வர உதவுகிறது. குழாயின் நீளமும் விட்டமும் இந்தக் கணக்கில்தான் அமைகின்றன. கடையில் பளபளப்பாகத் தொங்குகிற பொதுவான சைலென்சரை உங்கள் இன்ஜினை வைத்து யாரும் கணக்குப் பார்த்துச் செய்யவில்லை. ஆகவே டவுன் ரத வீதிகளில் ஓட்டத் தேவையான குறைந்த சுற்றில் இழுவை குறைவதே வழக்கமாக நடக்கிறது. போதாததற்கு, கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாமல் சைலென்சரை மட்டும் திறந்துவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து எக்ஸாஸ்ட் வால்வு சூடேறும். ஆக்ஸிலேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடிக்கிற சத்தம் அதன் அறிகுறி. அந்த வெடிச் சத்தத்தைப் பெருமையாக நினைக்கிற நண்பர்கள் உங்களுக்கு இருக்கக்கூடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாகிற வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் திருத்தி எழுதப்பட்ட 182-அ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஒலி, புகை விதிகளை மீறினால் 190-ஆம் பிரிவு தனியாக வரும். அதில் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம், ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் முடங்கும். மேலே வள்ளியூர் வாசகர் கேட்ட பிளாக் மாற்றத்துக்கும் இது பொருந்தும், ஆர்.சி.யில் ஒரு சி.சி.யும் இன்ஜினில் வேறு சி.சி.யுமாக ஓடுகிற வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் முதலில் கேட்பது அதைத்தான்.

“அப்பா காலத்து புல்லட் 350, அலுமினிய இன்ஜின் வருவதற்கு முந்தைய வார்ப்பிரும்பு பிளாக். குடும்பத்தோடு மூன்று பேராகச் செங்கோட்டை வழியாக ஆரியங்காவு போகும்போது புளியரை எஸ் வளைவு ஏற்றத்தில் இழுக்க மறுத்து, டிக் டிக்கென்று சத்தம் வருகிறது. டைமிங்கை அட்வான்ஸ் செய்தால் இழுவை கூடும் என்று செய்தார்கள், சத்தம்தான் கூடியது. அதிகக் கம்ப்ரஷன் பிஸ்டன் போட்டால் சரியாகுமா?”
— தென்காசி வாசகர்

ஐயா, முதலில், முன்னால் தள்ளிய டைமிங்கை, அதாவது பொறி விழுகிற நேரத்தை, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். பிறகு பிஸ்டன் யோசனையை மறந்துவிடுங்கள். உங்கள் இன்ஜின் ஏற்கெனவே வெப்பம் தாங்காமல் முனகிக்கொண்டிருக்கிறது. கம்ப்ரஷனைக் கூட்டுவது வெப்பத்தை மேலும் கூட்டுவதாகவே முடியும். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். உங்கள் பிளாக்குக்கு அந்த வசதி இல்லை.

இந்த இன்ஜினின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. இப்படி நீண்ட ஸ்ட்ரோக் உள்ள இன்ஜினும் கனத்த ஃப்ளைவீலும் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும் என்பது உண்மை. அதனாலேயே ஓட்டுகிறவர்கள் கியரைக் குறைக்க மனமில்லாமல் மூன்றாவதிலேயே 30-க்கு இறங்கும் வரை பிடித்துக்கொண்டிருப்பார்கள். மூன்று பேரும் பையும் ஏறிய வண்டியில், ஏற்றத்தில், ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகியும் சுற்று ஏறாமல் இருக்கிற அந்த நிலைதான் நாக்கிங்குக்கு மிகவும் தோதான நிலை. கலவை எரியக் கிடைக்கிற நேரம் அதிகம், சூடு அதிகம், விசிறிக் குளிர்விக்கிற காற்று குறைவு. வளைவுக்கு முன்பாகவே இரண்டாவதுக்கு வந்துவிட்டால் பாதிச் சத்தம் அங்கேயே நின்றுவிடும். மூன்று பேர் என்பதும் இரண்டாக வேண்டும். அது இன்ஜினுக்காக மட்டும் சொல்லுவதல்ல.

மீதிப் பாதிக்குக் காரணம் பெரும்பாலும் கரி. பழைய இன்ஜினில் ஹெட்டின் உட்புறத்திலும் பிஸ்டன் தலையிலும் படிந்த கரி, உள்ளிருக்கிற இடத்தைக் குறைத்துத் தானே கம்ப்ரஷனைக் கூட்டும். சிவக்கக் காய்ந்து, பொறிக்கு முன்பே தீயும் மூட்டும். ஹெட்டை இறக்கி, கரியை மரச்சீவலால் சுரண்டி எடுத்து, வால்வுகளை கிரைண்ட் செய்து மாட்டச் சொல்லுங்கள். இரும்புத் தகட்டால் சுரண்டினால் ஹெட்டின் அலுமினியத்தில் கோடு விழும். அந்தக் கோட்டின் விளிம்பே மறுபடியும் சிவக்கக் காயும். பொறியை எழுப்புகிற கான்டாக்ட் பாயின்ட் தேய்ந்திருந்தால் மாற்றி, அதற்குப் பின்னால், சுற்றுக்கு ஏற்ப டைமிங்கை நகர்த்துகிற அட்வான்ஸ் எடைகள் துருப்பிடிக்காமல் விரிந்து சுருங்குகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுருங்காமல் சிக்கிக்கொண்ட எடை, டைமிங்கை எப்போதும் அட்வான்ஸிலேயே வைத்திருக்கும். நீங்கள் செலவழிப்பதானால் பாயின்டுக்குப் பதிலாக நல்ல எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்குச் செலவழியுங்கள். அது குதிரைத்திறனைக் கூட்டாது. இருக்கிற குதிரைத்திறன் ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் கிடைக்கும்.

“பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த வண்டி, பெட்ரோல் இன்ஜெக்ஷன். இ.சி.யு.வை ரீமேப் செய்தால் பவர் கூடும் என்கிறார்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலக்கிறார்கள். ரீமேப் பாதுகாப்பானதா?”
— அம்பாசமுத்திரம் வாசகர். இதே கேள்வியை வள்ளியூரிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள்

சாதாரணமாகப் போகும்போது, எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கிற ஆக்ஸிஜன் சென்சார் சொல்லுவதைக் கேட்டு, கலவையை 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற கணக்கை ஒட்டியே இ.சி.யு., அதாவது இன்ஜினை ஆளுகிற கணினி, திருத்திக்கொண்டிருக்கும். ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறக்கும்போது மட்டும் சென்சாரை விட்டுவிட்டு, தன் நினைவில் எழுதி வைத்திருக்கிற அட்டவணையைப் பார்த்து பெட்ரோலை ஊற்றும். ரீமேப் என்பது அந்த அட்டவணையைத் திருத்துவது. டர்போ உள்ள கார்களில் அட்டவணையைத் திருத்தினால் காற்றழுத்தத்தையே கூட்டலாம் என்பதால் பெரிய வித்தியாசம் தெரிகிறது. டர்போ இல்லாத சிறிய இன்ஜினில் உள்ளே போகிற காற்று அதே அளவுதான், ஆகையால் கிடைப்பதும் சிறிதளவுதான். ஆக்ஸிலேட்டருக்கு வண்டி உடனே பதில் சொல்லுவதுபோன்ற ஓர் உணர்வு கிடைக்கும்; ரெவ் லிமிட், அதாவது இன்ஜின் சுற்றக்கூடிய உச்ச வரம்பு, தள்ளிப் போகும். ரெவ் லிமிட்டைத் தள்ளி வைப்பதை மட்டும் நான் வேண்டவே வேண்டாம் என்பேன். சுற்று 10 சதவீதம் கூடினால் கனெக்டிங் ராடை இழுக்கிற விசை 21 சதவீதம் கூடும்; வால்வு ஸ்பிரிங்கும் அந்தச் சுற்றுக்குச் செய்ததல்ல.

எத்தனால் பற்றி ஒரு கணக்கு. பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவை, எத்தனாலுக்கு 9 பங்கே போதும். ஆகவே 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு அந்தக் கணக்கு பதின்மூன்றரையை ஒட்டி வந்து நிற்கிறது. அதே காற்றுக்குக் கூடுதலாக எரிபொருள் ஊற்ற வேண்டும். ஓரளவுக்கு இ.சி.யு. இதைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். ஆனால் வெறும் பெட்ரோலை மனத்தில் வைத்து யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்த மேப்பில், முழு ஆக்ஸிலேட்டரில், கலவை வறண்டு போகும். நான்குவழிச் சாலையில் அரை மணி நேரம் முழு வேகத்தில் போகிறவர்களுக்கு அது ஆபத்து. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம் என்பது நன்மைதான், அதனால் நாக்கிங் குறையும். பழைய ரப்பர் குழாய்கள் உள்ள கார்புரேட்டர் வண்டிகளுக்கு அது வேறு தலைவலி. அதைப் பிறகொரு முறை எழுதுகிறேன்.

ரீமேப் செய்தே தீருவது என்றால், வண்டியை, சக்தியை அளக்கிற டைனோ மேடையில் ஏற்றி, எக்ஸாஸ்டில் வைட்பேண்ட் சென்சார் மாட்டி, உங்கள் வண்டியின் கலவையை அளந்து எழுதுகிறவரிடம் மட்டும் செய்யுங்கள். மாற்றுவதற்கு முன்பிருந்த வரைபடத்தையும் பின்பிருந்த வரைபடத்தையும் ஒரே தாளில் கேட்டு வாங்குங்கள். உச்சத்தில் எத்தனை குதிரைத்திறன் என்பதைவிட, நீங்கள் ஓட்டுகிற 4,000 முதல் 6,000 சுற்றுக்குள் இரண்டு கோடுகளும் எங்கே விலகுகின்றன என்று பாருங்கள். பல வரைபடங்களில் அங்கே ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு படுத்துக் கிடக்கும். வாரண்டி இருக்கிற வண்டியானால் இந்தப் பேச்சே வேண்டாம்.

“ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவ ஓபன் பில்டர் போட்டிருக்கிறேன். முதலில் நன்றாக இருந்தது. எட்டு மாதத்தில் புகை அடிக்கிறது, ஆயிலும் குறைகிறது. ஏன்?”
— திசையன்விளை வாசகர்

நீங்கள் இருக்கிற ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் கால் செருப்பிலேயே ஒட்டியிருக்கும். தேரி மணல் சிவப்பாக இருப்பது இரும்புத் துருவின் பூச்சு. உள்ளே இருப்பது குவார்ட்ஸ், அதாவது ரிங்கையும் போரையும்விடக் கடினமான கல். ஆடிக் காற்றில் இட்டமொழிப் பக்கம் அது சாலையைக் கடந்து பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பொடியானவை உங்கள் ஓபன் பில்டரைத் தாண்டி உள்ளே போய், ஆயிலோடு சேர்ந்து, பாலிஷ் போடுகிற பசைபோல எட்டு மாதம் தேய்த்திருக்கின்றன.

பவரும் கூடியிருக்காது. கம்பெனிப் பெட்டி, டேங்குக்கும் சீட்டுக்கும் அடியில் ஒதுங்கிய இடத்திலிருந்து ஓரளவு குளிர்ந்த காற்றை எடுக்கிறது. ஓபன் பில்டர் இன்ஜினின் முதுகிலிருந்து சூடான காற்றை எடுக்கிறது. காற்று 10 டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி 3 சதவீதம் குறையும், சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும். முதலில் நன்றாக இருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது, உறிஞ்சுகிற சத்தம் காதுக்கு அருகில் வந்ததனால் இருக்கலாம்.

இப்போது போரை அளக்கச் சொல்லுங்கள். ஓவர்சைஸ் போக வேண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். கம்பெனிப் பெட்டியைத் திரும்ப மாட்டி, பெட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவிலுள்ள ரப்பரில் வெடிப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பான்ஜ் பில்டரானால் மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்தி, ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும். எண்ணெய்ப் பசை ஏற்றிய காகித பில்டரானால் கம்ப்ரஸர் காற்று அடிக்காமல், கையேட்டில் போட்டிருக்கிற கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள். அந்தக் கையேட்டை எழுதியவர் திசையன்விளைக்கு வந்திருக்க மாட்டார்.

“ஆர்.எக்ஸ். 100-க்கு போர்ட்டிங் செய்யலாமா?”
— கல்லிடைக்குறிச்சி வாசகர்

1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன் தந்த அந்த இன்ஜினில், எக்ஸாஸ்ட் போர்ட்டை, அதாவது சிலிண்டர் சுவரில் புகை போகிற துளையை, உயர்த்தி அரத்தால் ராவினால் மேல் சுற்றில் சக்தி கூடும், கீழ்ச் சுற்றில் இழுவை போகும். அம்பை சாலை நெரிசலில் உங்களுக்கு வேண்டியது கீழ்ச் சுற்று. ராவியது ஒரு மி.மீ. மிகுந்துவிட்டால் அந்த பிளாக்கே வீண், அசல் பிளாக் இனிமேல் கிடைப்பதும் அரிது. கிராங்க் சீல்களை மாற்றுங்கள், ரீட் வால்வின் தகடுகள் வெடிப்பில்லாமல் மூடுகின்றனவா என்று பாருங்கள், சைலென்சருக்குள் அடைத்த கரியை எடுங்கள், ஆயில் பம்பை யாராவது கழற்றி வைத்திருந்தால் திரும்ப மாட்டுங்கள். கத்தியை எடுக்க வேண்டாம்.

“காருக்கு வாங்கிய விலையுயர்ந்த சிந்தெட்டிக் ஆயில் மீதி இருக்கிறது. பைக்கில் ஊற்றினால் பிக்கப் கூடுமா?”
— நெல்லை டவுன் வாசகர்

கிளட்ச் வழுக்கும். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் பிளேட்டுகள் அந்த ஆயிலில் மூழ்கியபடியே பிடிக்க வேண்டும். காருக்கான பல ஆயில்களில் உராய்வைக் குறைக்கிற மருந்து சேர்த்திருப்பார்கள். அது பிளேட்டுகளின் பிடியையும் குறைத்துவிடும். டப்பாவின் பின்புறத்தில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற தரக் குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், எம்.பி. என்று போட்டிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு உரியது. ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களானால், உடனே வடித்துவிட்டுச் சரியான ஆயிலை ஊற்றி 100 கி.மீ. ஓட்டி, அதையும் ஒருமுறை மாற்றுங்கள். அதன் பிறகும் ஏற்றத்தில் சுற்று மட்டும் ஏறி வண்டி நகராமல் இருந்தால் பிளேட்டுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.